டீச்சர் வரும் நேரம்

மகள் பத்தாவது படித்த வருடம், காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறினாள். செய்தி தெரிந்ததும் திருப்பூரில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள்.

"முழுப் பரீட்சையிலயும் போச்சுன்னா இங்க அனுப்பிப்போடுங்க. பனியன் கம்பெனில என்ற கூடவே சேத்தி உட்டர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் போனை வைத்த என் வீட்டுக்காரர், "என்ற புள்ள மெஷினுக்கு முன்னால நிக்க மாட்டா" என்றார். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் மெஷினுக்கு முன்னால் நின்றே வயதானவர் அவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும்.

டியூஷன் தேடினோம். பக்கத்து ஊரான மஞ்சூரில் ஒரு இடம் இருந்தது. முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், ரோட்டிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுவரை தேயிலைக்கு நடுவே இருட்டில் நடக்க வேண்டும். கரடி நடமாடும் வழி. அது சரிப்படவில்லை.

மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில், தோட்டத்து ஆபீஸ் கணக்கருக்குக் கல்யாணமாகி, கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கியவள் என்று கேள்விப்பட்டேன். கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். எனக்கு வாய் வராது. எட்டாவதோடு நின்றவள், இலை பறிக்கிறவள், ஸ்டாஃப் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது? கையில் கொண்டுபோன மேரக்காயை, சௌசௌ என்பார்களே அதை, கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி போனேன், மறுபடி மேரக்காயைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை அவளே சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, மேரக்காய் தின்னு தின்னு எங்கூட்டுக்காரரும் மேரக்காயாட்டவே ஆயிட்டாருங்க. விசயம் என்னன்னு சொல்லிப்போடுங்க."

சொன்னேன். உடனே சம்மதித்தாள். "புள்ளைய இருட்டுல மேல ஏத்த வேண்டாம். நானே வர்றனுங்க. அவரு பைக்குல கொண்டுவந்து உட்டுக் கூட்டிட்டுப் போவாரு."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் மகிழ்ந்தார். அப்புறம் பதறினார். ஸ்டாஃப் வீட்டம்மா லைனுக்கு இறங்கி வருவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். எங்களுக்கு இருப்பது ஒரே அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு. அவர் அறைக்கு வெள்ளையடித்தார். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினார். பாடம் நடக்கும்போது டிவி போடக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டார்.

முதல் நாள் பைக் சத்தம் கேட்டதும் எழுந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"எங்கீங்க போறீங்க?"

"டீச்சர் முன்னால என்னைக் காலை நீட்டி உக்காரச் சொல்றியா, புள்ள?"

டீச்சருக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். ஆனாலும் ஸ்டாஃப் வீட்டார் உட்கார்ந்த இடத்தில் எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள். டீச்சரிடம், "எனக்கு ஷிப்ட் இருக்குதுங்க" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அவருக்குப் பகல் வேலைதான். கணக்கர் தோட்டத்து ஆபீஸ் ஆள் என்பதால் ஃபேக்டரி ஷிப்ட் அவருக்கும் தெரியாது.

சமையல்கட்டிலாவது இருங்கள் என்றேன். அடுப்புப் புகை அவருக்கு ஆகாது.

"நான் இருமினா புள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இலை எடை போடும் கொட்டகை இருந்தது. மேலே தகரம், நான்கு பக்கமும் திறப்பு. டீச்சர் வரும் மாலைகளில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பின்கதவு வழியாக நான் டீ கொண்டுபோவேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு போனவர் நின்றார்.

"என்னண்ணா, காலைல எல எட போட இப்பவே வரிசையா?"

"ஆமாண்டா. மொத எட என்றதுதான்."

"எல எங்க?"

"உள்ள இருந்து கணக்குப் போடுது" என்று வீட்டைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறியது. சத்தம் வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று மப்ளரை வாயில் அடைத்துக்கொண்டார்.

மகள் தேறிக்கொண்டு வந்தாள். அரையாண்டில் கணக்கில் பாஸ். அந்தத் தாளை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி முழுக்கக் காட்டினார். "இன்னும் கொஞ்ச நாள்தானே, பரீட்சை முடிஞ்சா நான் ஊட்டுக்குள்ள வந்தர்றேன்" என்றார்.

பொங்கல் முடிந்து உறைபனி விழுந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கணக்கர்தான் ஜீப் பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ரொம்ப நாள் தூசி, நுரையீரல் தாங்காது என்றும் சொன்னார்கள். பனியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியாக என்னிடம் தெளிவாகப் பேசியது, "டீச்சர் வந்தாச்சா?" என்பதுதான்.

காரியம் முடிந்த பிறகு டீச்சர் வந்தாள். அந்த நாற்காலியில் உட்காரவில்லை. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் அந்த உடம்பை வெச்சுக்கிட்டா ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனாருங்க?"

மகள்தான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னாள். ஷிப்ட் இல்லை, கொட்டகை, மப்ளர், இருமல், கணக்கு ஓடாது என்றது. டீச்சர் எழுந்து பின்கதவைத் திறந்தாள். கொட்டகையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"மேல எங்கூட்டுல நாங்க ரண்டே பேருங்கக்கா. அவரு ஆபீஸ் போயிட்டா பேச ஆளில்ல. உங்கூட்டுல நாலு பேரு சத்தம் கேக்கும்னுதான் நானே வர்றன்னு சொன்னேன். வந்து பாத்தா எப்பவும் கப்சிப்னு இருக்கும். இவங்க பழக்கமே இப்படியாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள்.

பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். மூன்று பேரும் பாயிலேயே உட்கார்ந்தோம். நானும் அங்கேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் சுவரோரம் ஒரு ஆள் காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் ஏதாவது தைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அடுப்புப் புகை ஏறி எனக்கு இருமல் வந்தது. சேலையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போக எழுந்தேன். டீச்சர் தலையைத் தூக்காமலே என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருமுங்கக்கா. கணக்கு ஓடும்."

ஓடியது. மகள் பாஸ் ஆனாள். ரிசல்ட் வந்தபோது கொழுந்து அதிகமாக இருந்த சமயம், பின்னால் எடை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் போனில் சொன்னதும் மகள் என்னிடம்கூட நிற்காமல் பின்கதவு வழியாக ஓடினாள். கூடைகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே போய் நின்றாள்.

"யாரைத் தேடற, புள்ள?" என்று எடை போடுகிறவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.