மச்சானுக்கும் திறக்காத பூட்டு

காலமை ஊர்காவற்றுறை பஸ்ஸில ஏற, எனக்குப் பக்கத்தில வந்து இருந்தார் எங்கட கடற்றொழிலாளர் சங்கத்துக் கமிட்டிக்காரர் ஒருத்தர். சொந்தமா ரெண்டு போட் வைச்சிருக்கிறவர். தடைசெய்த சுருக்குவலை போட்டார் எண்டு போன மாதம்தான் அவரில ஒரு முறைப்பாடு வந்தது. சங்கத்துக்குப் போன் செயலியில வாற முறைப்பாடுகளைப் பாக்கிறது நான்.

"பிள்ளை, அதை எழுதினது ஆர்?"

"சொல்ல ஏலாது அண்ணை."

"நீர் சொல்லத் தேவையில்லை. அந்தச் செயலியின்ர சேவர் கொம்பியூட்டரைப் பாக்கிறவன் என்ர மச்சான். எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு."

 பேர் வெளிய வந்தால் விடியிறதுக்குள்ள ஒருத்தற்ற வலை அறுந்து கிடக்கும்.

"பாத்து... என்ன இருந்தது அண்ணை?"

யன்னலுக்கு வெளிய கடலைப் பாத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு கோதாரியும் விளங்கேல்லயாம். எழுத்தும் இலக்கமும் தாறுமாறாக் கிடக்காம்."

கிடக்கும்தானே! எழுதினவற்ற போனிலயும் என்ர போனிலயும் மட்டும்தான் அது திறக்கும். நடுவில, சேவரில, பூட்டினபடிதான் கிடக்கும்.

அந்தச் செயலியைத்தான் பாவிக்கவேணும் எண்டு கமிட்டியில தனிய நிண்டு சண்டை பிடிச்சனான். "மீன்பிடிச் சங்கத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை மறைகுறியாக்கம்?" எண்டு எல்லாரும் சிரிச்சவை.

முதல் சிரிச்சவர் இவர்தான்.

எங்கட தீவில எந்தக் கந்தோருக்குப் போனாலும் உள்ளுக்கை ஆருக்கோ ஒரு மச்சான் இருப்பார். இந்தப் பூட்டுக்குள்ள மட்டும் ஒருத்தருக்கும் மச்சான் இல்லை.

உங்கட கந்தோரில எத்தினை மச்சான்மார்? சொல்லுங்கோ பாப்பம்.