ஆறுமுகத்தின் கால் யார் செலவு?

பந்தயக் குதிரைக்குச் செலவுக் கணக்கு எழுதுவது, முன்பின் தெரியாதவர் கல்யாணத்தில் மொய் எழுதுவது மாதிரி. பணமும் நம்முடையதல்ல, மாப்பிள்ளையும் நமக்கு உறவல்ல, தப்பு வந்தால் மட்டும் நம் தலை.

அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையைக் காப்பாற்றப் போய்ப் பாதம் நசுங்கிய குதிரைக்காரர் ஆறுமுகத்தின் வைத்தியத்துக்குக் காசு தர மாட்டேன் என்றார் குதிரையின் சொந்தக்காரர் மெஹ்ரா. எம்.ஏ. படித்துக்கொண்டே, மாலையில் கனாட் பிளேஸில் அவருடைய அலுவலகத்தில் டைப் அடித்துக் கணக்கும் எழுதிவந்தவள் நான். முதலாளி முன்னால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து கொதித்தவர்களுக்கு என் நிலை புரியும். ஆனால் எனக்கு வாயை மூடத்தான் வராது.

வாங்கிய விலை

ராணி என்ற அந்தக் குதிரையைப் பெங்களூரில் வாங்கி, ரயிலில் தனிப்பெட்டி வைத்துக் கொண்டுவந்தார் மெஹ்ரா. அந்தப் பெட்டியிலேயே குதிரையோடு வந்தவர் வேலூர்ப் பக்கத்து ஆறுமுகம். வேறு யார் கையிலும் ராணி தின்னாது என்பதால் டெல்லியிலேயே தங்கிவிட்டார்.

ராணியின் அப்பன், ஆத்தாள், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் மெஹ்ராவுக்கு மனப்பாடம். வாங்கின விலைக்கு ஜனக்புரியில் வீடே கட்டலாமே என்றேன். சிரித்தார். என்னை அவர் இந்தியில் 'பேட்டி', அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். "வீடு ஓடுமா, பேட்டி? வாங்குறதுதான் செலவு. அப்புறம் அதுவே சம்பாதிச்சுச் சாப்பிடும்."

கம்பளி

அது சம்பாதிக்கவில்லை, சாப்பிட்டது. ஓட்ஸ், கேரட், லாடம், டிரெயினர், ஜாக்கி, மாட்டு டாக்டரை விட மூன்று மடங்கு வாங்கும் குதிரை டாக்டர். குளிர்காலத்தில் புதுக் கம்பளிக்கு ரசீது வந்தது. சரிபார்க்க லாயத்துக்குப் போனேன். பனியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. ராணி மேல் இரண்டு கம்பளி. ஆறுமுகம் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"ஒண்ண நீங்க எடுத்துக்கிட்டா என்ன?" என்று சண்டைக்குப் போனேன்.

"அதுக்குச் சளி புடிச்சா பந்தயம் போச்சும்மா. எனக்குப் புடிச்சா மூக்கச் சிந்திட்டு வேலைக்கு வந்துடுவேன்."

கடிவாளம்

ஜெயித்த குதிரையைச் சொந்தக்காரர் கையில் பிடித்து நடத்தி வருவார், போட்டோ எடுப்பார்கள். தோற்ற குதிரையைக் குதிரைக்காரர் ஓட்டி வருவார். அதுதான் அங்கே வழக்கம். ராணி ஒரே ஒரு தடவை ஜெயித்தது. மெஹ்ரா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஆறுமுகம் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, போட்டோவில் விழாத தூரத்துக்குத் தள்ளி நின்றார். அந்தப் படம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. நீங்கள் அதில் இல்லையே என்று கேட்டேன்.

"தோக்குற அன்னிக்கும் போட்டோ புடிச்சா, நெறைய படத்துல நானும் இருப்பேம்மா."

தீபாவளி

லாயத்துச் சுவருக்கு வெளியே யாரோ சரவெடி கொளுத்த, ராணி மிரண்டு கதவை உதைத்தது. கால் ஒடிந்தால் பந்தயக் குதிரைக்கு விதி துப்பாக்கிதான். ஆறுமுகம் உள்ளே புகுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். ராணிக்குக் கீறல்கூட இல்லை. அதைப் பார்க்க டாக்டர் காரில் வந்தார். பாதம் நசுங்கிய ஆறுமுகத்தைக் காய்கறி வண்டியில் வைத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாவுக்கட்டு, வெளியே வாங்கிய மருந்து எல்லாவற்றையும் நான் குதிரைச் செலவில் சேர்த்தேன். மெஹ்ரா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளமும் கிடையாது என்றார்.

"குளம்புக்கு லாடம் அடித்தால் செலவு. அதே குளம்புக்கு அடியில் மாட்டிய கால் செலவில்லையா?" என்றேன்.

"குளம்பு என்னுது, பேட்டி. கால் அவனுது."

பதில்

புதிதாக வந்த ஆளை ராணி கிட்டவே சேர்க்கவில்லை. தீனித்தொட்டி நிறைந்தபடியே கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. பந்தய நாள் நெருங்கவும் மெஹ்ரா இறங்கி வந்தார். "ஜல்தி போய் மதராஸியைக் கூட்டிட்டு வா. செலவைக் குதிரைக் கணக்குலயே எழுதிக்கோ." எனக்குத் தலைகால் புரியவில்லை. வாதாடி ஜெயித்த முதல் வழக்கு!

அம்பாஸடரில் போனேன். குடிசை வாசலில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆறுமுகம், ராணி தின்கிறதா என்று விசாரித்தார். பிறகு, "குதிரைக் கணக்குல வேணாம்மா," என்றார். "நாளைக்கு அத வித்துட்டா என் கால் யார் கணக்கு? என் பேரு போட்டு, இது இந்தாளுக்குக் கொடுக்க வேண்டியதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. வரேன்."

அப்படியே போய்ச் சொன்னேன். ராணியின் பூட்டன் பெயர்வரை அறிந்த அந்த மனிதர், சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அச்சா... அவன் பேர் என்ன?"