கறுப்பு ஓரம் வைத்த ஃபேர்பார்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் சாம்பாரில்கூட ஜிகினா மிதந்தது. காரணம் நான்தான். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அம்மாவின் கைபேசியில் வாழ்த்து அட்டை செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அன்றோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிரித்தால் பூ எழுந்து நிற்கும் அட்டை, இழுத்தால் மீன் நீந்தும் அட்டை என்று செய்து தள்ளினேன். பிறந்தநாள் வராதவர்களுக்கும் பிறந்தநாள் அட்டை கிடைத்தது. இது போதாதென்று பெரிய ஆல்பம் ஒன்றும் வைத்திருந்தேன். பஸ் டிக்கெட், சாக்லேட் தாள், கேக் பெட்டியின் ரிப்பன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் ஒட்டி, சுற்றிலும் பூ வெட்டி ஒட்டுவேன். "இந்த வூட்ல கொஞ்சம் அசையாம நின்னா என்னையும் ஒட்டிடுவா" என்பார் அப்பா.

அந்த விடுமுறையில்தான் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள், ஒரு மருந்துக்கடையில் வேலை. மாப்பிள்ளை எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். நாலு தெரு தள்ளி வீடு. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நானும் அவரைச் சொல்தா தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் மகனும் மட்டும். கல்யாணத்தில் அத்தைக்கு முன்னால் பூ தூவிக்கொண்டு போகும் வேலை எனக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்காக ரோஸ் கலரில் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் வந்து நின்றது. அப்பா மாதிரிக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் காட்டினார். வெல்வெட் அட்டை, தங்க எழுத்து, கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும். திறந்தால் மணமக்கள் போட்டோ. சொல்தா தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஃபேர்பாரா, ஜவுளிக்கட காலண்டரா?" என்று கேட்டாராம். பிரான்சில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு வெள்ளை அட்டையில் முறையான பிரெஞ்சு ஃபேர்பார்தான் போகவேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எப்படிப் பத்திரிகை அடிப்பது என்று எங்களுக்குத் தெரியும் என்பது அப்பா கட்சி. வார்த்தை தடித்தது. கடைசியில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அந்த ஞாயிறு பூசையில் வாசிக்கவேண்டிய கல்யாண ஓலையை வாசிக்கவேண்டாம் என்று இரண்டு பேருமே தனித்தனியாகப் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அத்தை கைபேசியை அணைத்து அலமாரியில் போட்டாள். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கவுனை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. ஒரு அட்டைக்காகத்தானே இவ்வளவும்? அட்டை செய்வதற்கு ஊரிலேயே கெட்டிக்காரி வீட்டுக்குள் இருக்கும்போது ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஃபேர்பாருன்னா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அந்த வூட்லருந்து ஒண்ணு வந்துச்சே, பீரோ டிராயர்ல கெடக்கும், போய்ப் பாரு" என்றாள், தலை நிமிராமல்.

பிரெஞ்சு வழக்கத்தில் கல்யாணத்தைச் சொல்லி அனுப்பும் அட்டைக்கும் ஃபேர்பார் என்றுதான் பெயர், சாவைச் சொல்லி அனுப்பும் அட்டைக்கும் அதே பெயர்தான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டிராயரில் கிடந்தது மாப்பிள்ளையின் அம்மா இறந்தபோது வந்தது. வெள்ளை அட்டை, சுற்றிலும் கறுப்பு ஓரம், மேலே சின்னச் சிலுவை. எவ்வளவு அழகு என்று அசந்துபோனேன். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பெயர்களைப் படிக்க முடிந்தது. முதலில் சொல்தா தாத்தா பெயர், அடுத்து மாப்பிள்ளை பெயர். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு பெண் பெயர். ஆனால் அது அத்தை பெயர் இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் பத்திரிகை அடித்தே விட்டார்கள், அச்சடித்தவன் பெண் பெயரை மாற்றிப் போட்டுவிட்டான், சண்டை அதனால்தான்.

உடனே வேலையில் இறங்கினேன். கெட்டியான வெள்ளை அட்டை எடுத்து, கறுப்புச் சார்ட்டை ஒரே அகலத்துக்கு வெட்டி ஓரம் ஒட்டினேன். அதன்மேல் கறுப்பு ஜிகினா. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஜெல் பேனாவில் வரைந்தேன். சில எழுத்துகளின் தலையில் கொக்கியும் காலில் வாலும் இருந்தன. அலங்காரத்துக்குத்தான் இருக்கவேண்டும் என்று அவற்றுக்கு மட்டும் வெள்ளி நிறம் கொடுத்தேன். தப்பாகப் போட்டிருந்த பெண் பெயரை விட்டுவிட்டு அந்த இடத்தில் அத்தை பெயரை எழுதினேன். அதுவரை நான் செய்ததிலேயே சிறந்த அட்டை அதுதான். பார்த்து எழுதிய டிராயர் அட்டையையும் வீணாக்காமல் ஆல்பத்தில் ஒட்டி, சுற்றிலும் மஞ்சள் பூ வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்து வரும் வழியில் அதைச் சொல்தா தாத்தா வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்தேன். நல்ல சேதி வரப்போகிறது என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சேதி வரவில்லை, மாப்பிள்ளையே வந்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டார். அது சாய்ந்து விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளேயிருந்து வந்த அப்பா சண்டையை மறந்து, "இன்னா மாப்ள?" என்றார்.

அவர் அப்பாவைத் தாண்டி வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார். தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு பின்கட்டிலிருந்து வந்த அத்தை, "யாரு வந்துருக்காங்க?" என்றாள். அவளைப் பார்த்ததும் மாப்பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன ஏன் எடுக்கல? எத்தினி தடவ அடிச்சேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். அத்தையும் என்ன ஏது என்று தெரியாமலே கூட அழுதாள்.

பின்னாலேயே சொல்தா தாத்தா, லுங்கியோடும் கையில் என் அட்டையோடும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "பொண்ணு எங்க?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். கறுப்பு ஓரம், தங்கை பெயர். அவருக்கும் அதற்குமேல் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஜிகினா ஒட்டியிருந்தது.

பாராட்டு வரும் நேரம் இதுதான் என்று நான் முன்னால் வந்தேன். "நாந்தான் பண்ணேன் தாத்தா. பேரு தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன்."

அடி விழப்போகிறது என்று அம்மா கையிலிருந்தே தெரிந்தது. சொல்தா தாத்தாதான் அவளைக் கையமர்த்தினார்.

"தெருமொன வந்தப்புறம் தேதியப் பாத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. நான் எழுதின வார்த்த, ஒண்ணு வுடாம அப்படியே இருக்கு" என்றார். "வெளயாட்டுன்னு புரிஞ்சிடுச்சு. அப்பவும் கால் நிக்கல."

பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்திரிகைய நீ எப்படி வேணா அடிச்சுக்கப்பா. வெல்வெட்ல அடி, கதவு வெச்சு அடி. அடுத்த ஞாயித்துக்கெழம ஓல வாசிக்கச் சொல்லிடுவோம்."

அப்பா, "இல்ல மாமா, ஒங்களுக்குப் புடிச்ச மாதிரியே போடலாம்" என்றார். இதற்கு ஒரு புதுச் சண்டை வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். ஆனால் இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா எல்லாருக்கும் காபி போடப் போனாள். கல்யாணம் நடக்கப்போகிறது, கவுன் போடப்போகிறேன் என்று எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது.

காபி குடித்து முடித்ததும் சொல்தா தாத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எதப் பாத்து எழுதின பாப்பா?"

ஆல்பத்தைக் கொண்டுவந்து விரித்தேன். மஞ்சள் பூக்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "எல்லாருக்கும் அனுப்பிட்டேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கல. இத எனக்குத் தரியா?" என்று கேட்டார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. "இது பழசு தாத்தா, ஜிகினாகூட இல்ல. என்னுத எடுத்துக்குங்க" என்று என் அட்டையை நீட்டினேன்.

அவர் சிரித்தார், என் தலையைத் தடவினார். ஆல்பத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பூவோடு மெதுவாகக் கிழித்து, மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிளம்பினார். என் அட்டை மேசைமேலேயே கிடந்தது. கைப்படச் செய்ததை விட்டுவிட்டு, மெஷினில் அடித்த பழைய அட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறாரே, இந்த மனுஷருக்கு என்ன ரசனை என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஆறவேயில்லை.