உம்சுனாய் அண்ணியின் ஒன்பது நாள்

என் சின்ன அண்ணன் குர்மான் கட்டிக்கொண்டு வந்தவள் உம்சுனாய். ஜும்கால் பக்கம் குதிரைக்கு லாடம் அடிக்கிற எசென்காலின் மூன்றாவது மகள். எசென்காலுக்கு ஏழு பிள்ளைகள், அதில் நான்கு பெண்கள், நான்கு பேருக்கும் வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இவளுக்கு வாய் இருப்பதே வெளியே தெரியவில்லை. எங்களில் மருமகள், புருஷனுடைய அண்ணனோடு நேராகப் பேசமாட்டாள், அவர் பெயரைச் சொல்லமாட்டாள், தலைத்துணி இல்லாமல் அவர் கண்ணில் படமாட்டாள். என் பெரியண்ணன் அப்தில்தா எதிரே பத்தொன்பது வருஷம் அப்படியே இருந்தாள். அவர் ஏதாவது கேட்டால் என் பக்கம் திரும்பி மெதுவாகப் பதில் சொல்வாள். நான் பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன், முக்கால்வாசி நேரம் அங்கேதான் கிடப்பேன். அவள் சொன்னதை நான் அவரிடம் சொல்லணும். அவர் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார், எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கும்.

கூட்டுப்பண்ணையின் பெண்குதிரைகளைப் பாலுக்குக் கறக்கிறவள் அண்ணி. குதிரை பசு மாதிரி இல்லை, பகலெல்லாம் திரும்பத் திரும்பக் கறக்கணும். ஒரு முழங்காலை ஈரப் புல்லில் ஊன்றி, மற்றதன் மேல் வாளியை வைத்து, அப்படிப் பதினெட்டுக் கோடை. நாற்பத்தொன்றாவது வயதில் இடது இடுப்பு பூட்டிக்கொண்டது. அந்தக் குளிர்காலம் கொல்லைக்குப் போகக்கூடச் சுவரைப் பிடித்துத்தான் போனாள்.

பண்ணை மந்தைகளுக்கெல்லாம் மேலாளாக இருந்தவர் பெரியண்ணன். ஒருநாள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "வர்ற கோடைக்கு மேய்ச்சல் மேட்டுக்கு இவ வேண்டாம். இவளோட குதிரைங்களை வேற கையில குடுத்துடலாம்."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "சின்னவளே, அவர்கிட்ட சொல்லு. நான் சுடுதண்ணி ஊற்றுக்குப் போறேன். ஒன்பது நாள் முங்கிட்டு வர்றேன். அப்புறம் பேசிக்கலாம்."

"இந்தக் குளிருலயா? வழியிலேயே செத்துக் கிடப்பா!"

"செத்தா குதிரைங்களைக் குடுத்துக்கட்டும்."

கடைசியில் சொன்னதை நான் விழுங்கிவிட்டேன்.

சுடுதண்ணிக்குக் குளிர்காலம்தான் சரி. கோடையில் உருகின பனித்தண்ணீர் கலந்து ஊற்று சப்பென்று போய்விடும். ஒன்பது நாள், நாளைக்கு மூன்று முங்கு, நடுவே ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு வியர்க்கணும். ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கும் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகு போயிருந்தது, நானும் கூடப் போனேன். குர்மான் அண்ணன் எங்களைப் பனிவண்டியில் ஏற்றி, பள்ளத்தாக்குக் கடைசியில் கொண்டுபோய் இறக்கினான். செம்மறி ஈனுகிற சமயம், அவனால் நிற்க முடியாது, பத்தாம் நாள் வந்து கூட்டிப்போகிறேன் என்றான். எங்களிடம் இருந்த மாவும் உப்புக்கண்டமும் அதுவரைக்கும்தான். ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வழியே இல்லை.

ஊற்றின் மேல் மரக்கட்டையால் ஒரு குடிசை. உள்ளே கல் தொட்டி, ஓரத்தில் படுக்கப் பலகை. கதவுக்கு வெளியே ஒரு முளை. பெண்கள் உள்ளே இருந்தால் அதில் தலைத்துணி தொங்கும், ஆண்கள் இருந்தால் சவுக்கு. மாட்டினவரே வந்து எடுக்கிற வரைக்கும் வேறு யாரும் கதவைத் தொடமாட்டார்கள்.

ஏழாம் நாள் உச்சிவேளை. இரண்டாவது முங்கில் இருந்தோம். வெளியே குதிரைகள் கனைத்தன. பண்ணைத் தலைவர் சாதிபகாஸ் குரல் கேட்டது. மாவட்டத்திலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள், ஒரு ஆட்டு மாமிசம், பாட்டில்கள், இதற்கெல்லாம் வழிகாட்டிக்கொண்டு எங்கள் பெரியண்ணன்.

"பொம்பளைங்க துணி தொங்குது, தலைவரே."

"எனக்கும் கண்ணு இருக்கு. யாரோடது?"

பெரியண்ணன் கொஞ்சம் தயங்கினார். "எங்க வீட்டுதுதான்."

"அப்புறம் என்னய்யா? வெளிய வரச்சொல்லு. விருந்தாளிங்க விறைச்சுப் போறாங்க."

கதவருகே பெரியண்ணன் குரல் வந்தது. "ஏம்மா, வெளிய வாங்க. நாளைக்கு முங்கிக்கலாம்."

அண்ணி கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். "சின்னவளே, இன்னும் ஒரு முங்கு பாக்கின்னு சொல்லு." நான் கத்திச் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "தண்ணிக்கு எண்ணத் தெரியுமாம்மா?"

"தண்ணிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்னு சொல்லு."

அதையும் கத்தினேன். விருந்தாளிகளில் ஒருத்தர் பக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் பெரியண்ணனைச் சுட்டிருக்கணும். முளையிலிருந்து துணியை வெடுக்கென்று உருவினார்.

"இப்ப துணி இல்ல. வெளிய வாங்க!"

தம்பி பெண்டாட்டியின் தலைத்துணியை மூத்தவர் கையால் எடுத்தார் என்று நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"என்னோடதைக் கட்டிக்க அண்ணி," என்று என் துணியை அவிழ்த்தேன்.

"உன்னுது எனக்கெதுக்கு? என்னுது வெளிய இருக்கு."

தொட்டி ஓரத்தைப் பிடித்து எழுந்தாள். நனைந்த நீளச் சட்டை மேலே ஆட்டுத்தோல் கோட்டை மாட்டினாள். கதவைத் திறந்தாள். ஆவியோடு ஆவியாக, வெறும் தலையோடு போய் நின்றாள். ஈரப் பின்னல் ரெண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக உறைந்தது.

விருந்தாளிகள் இருவரும் முதுகைக் காட்டிப் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தலைவர் குதிரையின் கடிவாளத்தில் என்னமோ தேட ஆரம்பித்தார். பெரியண்ணனுக்கு ஓடவும் முடியவில்லை, துணி கையில் இருக்கிறது. தரையைப் பார்த்து நின்றார்.

"பெரியவரே, என்னைப் பாருங்க," என்றாள் அண்ணி. நேராக, சத்தமாக. "பத்தொன்பது வருஷம் மறைச்ச தலை. நீங்கதான் திறந்து விட்டீங்க. நல்லாப் பாத்துக்குங்க."

"உள்ள போம்மா... வாங்கிட்டு உள்ள போ."

"நான் வாங்கமாட்டேன். எடுத்த கை மாட்டட்டும்."

"அண்ணி, காத்து பட்டுடும்!" என்று நான் உள்ளேயிருந்து கெஞ்சினேன். வியர்த்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் அதுவரை முங்கினது அத்தனையும் வீண், இடுப்போடு நிற்காது, உயிருக்கே வந்துவிடும். அவளுக்கும் அது தெரியும். உதடு நீலமாகிவிட்டது. அசையவில்லை.

பாறையைப் பார்த்தபடியே வயசான விருந்தாளி கத்தினார். "மாட்டித் தொலையேன்யா! நாங்க எவ்வளவு நேரம் கல்லையே பாத்துக்கிட்டு நிக்கறது?"

பெரியண்ணன் மாட்டினார். துணி இரண்டு தரம் நழுவிற்று, மூன்றாவது தரம் நின்றது. அண்ணி அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

வந்தவள் அவசரப்படவும் இல்லை. தோலைப் போர்த்தி வியர்த்தாள், மூன்றாவது முங்கு முங்கினாள், மறுபடி படுத்தாள்.

"காத்துக்கிட்டிருக்காங்க அண்ணி."

"இருக்கட்டும். கறி தின்னுட்டுத்தானே இருக்காங்க."

எல்லாம் முடிந்து, வெளியே போய், துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தாள்.

அந்தக் காற்று சும்மா விடவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு மூன்று முங்கு. ஒன்பதாம் நாள் நான் தோளில் தாங்கித் தொட்டியில் இறக்கினேன், என் முதுகும் அன்றைக்கு ஒடிந்திருக்கும். பத்தாம் நாள் குர்மான் அண்ணன் வந்தபோது பனிவண்டி வரைக்கும் தானே நடந்தாள், எதையும் பிடிக்காமல். இடுப்பு பாதிதான் விட்டிருந்தது.

தலைவர் மறக்கவில்லை. கோடை வந்ததும் குர்மானுக்குக் கணவாய்க்கு அப்பால் இருக்கிற கல் மேட்டை ஒதுக்கினார். அந்த மேய்ச்சலை யாரும் கேட்டு வாங்கினதில்லை. பெரியண்ணனே வந்து சொன்னார்.

"அங்க வண்டி ஏறாது. நடந்துதான் போகணும். உன்னால முடியாதும்மா."

"எத்தனை குதிரை?" என்று அவரிடமே கேட்டாள் அண்ணி.

"பன்னிரண்டு."

"போன வருஷம் பதினாலு கறந்தேன்."

அப்புறம், "சரி, பதினாலு," என்றார்.

மறுநாள் காலையில் பதினாலையும் முன்னால் விட்டுக் கணவாய் ஏறினாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அதே நடையில் அதற்குப் பிறகு பதினொரு கோடை ஏறினாள்.