பாத்திரக்கடை மாடியில் ஓடும் பெட்டி

மெகருன்னிசா அக்கா காலமான செய்தி எனக்கு ஈமெயிலில் வந்தது. ஸ்டூடியோவில் ஒரு கைக்குழந்தையைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. பார்த்தால், அவர் மகள் ஆப்ரின் எங்கள் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள். "அம்மா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். எல்லாரும் வாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தெருவைத் தாண்டினால் என் கடை. ஒரு ஆளை அனுப்பியிருக்கக் கூடாதா? பிறகுதான் உறைத்தது. எங்கள் ஐந்து வீட்டுக்குள் முக்கியமான சேதி எதுவானாலும் அந்த வழியாகத்தான் போகும், வரும். அந்த வழியைப் போட்டவரே அக்காதான். அவருடைய சாவுச் செய்தியும் அவர் வீட்டு மாடியில் ஓடிய பெட்டிக்குள் போய்த்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. குழந்தையின் அப்பாவிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டுக் கடையை அடைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் அவரை அறிந்த உங்களில் பாதிப் பேருக்கு அவர் பாத்திரக்கடை அன்சாரி பாய் வீட்டம்மா. மீதிப் பேருக்கு அவர் வாய்க்கொழுப்பு பிடித்தவர். இரண்டும் சரிதான். மூன்றாவது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் வேலையில் இருந்தவர் அவர். இங்கே வாழ வந்த பிறகு அந்த வேலையை விட்டாரே தவிர, அதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வதை விடவே இல்லை. "நான் ராத்திரி தூங்குனா மெட்ராசுல பாதி ஆபீசு தூங்கும்" என்பார். அவ்வளவும் புளுகு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் என் ஈமெயில் கணக்கு பூட்டிக்கொண்டது. இலவசமாகக் கிடைத்த கணக்கு. ஏன் பூட்டினார்கள் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பியது, நான் அனுப்பிய ஆல்பங்கள், என் மகள் பிறந்தபோது எடுத்த படங்கள், எல்லாம் அதற்குள். தோசைக்கல் வாங்கப் போன இடத்தில் இதை அன்சாரி பாயிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்கா வந்தார். "அடுத்தவன் வூட்டு அலமாரில நகைய வெச்சுட்டு, சாவி குடுறா குடுறான்னு தெருவுல நின்னுக்கினு கீறியே தம்பி, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நீங்க ஒரு அலமாரி செஞ்சு குடுங்க" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் பழைய அண்டா குண்டான்கள் கிடந்த அறையைக் காலி செய்தார். அன்சாரி பாய் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் இரண்டு டிஸ்க், மின்சாரம் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். அவ்வளவுதான் சர்வர். என்னோடு இன்னும் நாலு கடைக்காரர்கள் சேர்ந்துகொள்ள, எங்கள் ஐந்து குடும்பத்துக்கும் அதிலேயே ஈமெயில் முகவரி, ஐந்து குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் தினமும் தானாக வந்து அதில் ஒரு பிரதி விழும். சொல்ல எளிது. முதலில் எங்கள் கடிதங்களை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதம் என்றாலே மோசடிக்காரன் கடிதம் என்று எல்லாரும் ஒதுக்கித் தள்ளினார்கள். உரக்கடை கோவிந்தராஜ் அண்ணன் ஒரு கம்பெனிக்கு விலை கேட்டு எழுதியது ஸ்பேமுக்குள் போய்விட்டது. "நம்மள திருடன் லிஸ்ட்ல சேத்துட்டானுங்களா மெகரு?" என்று அவர் குதித்தார். "நாம யாருன்னு அவனுக்கு இன்னும் தெரியல அண்ணே. தெரிய வெக்கிறேன்" என்றார் அக்கா. இணைப்பு தருபவர்களிடம் நிலையான முகவரி ஒன்றைச் சண்டை போட்டு வாங்கினார். கடிதம் எங்களுடையதுதான் என்பதற்கான அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். எங்கள் கடிதம் எங்கு போனாலும் வாசல் வழியாகவே உள்ளே போக ஆரம்பித்த நாளில், தெருவுக்கே கேட்கிற மாதிரி எங்கள் கடைகளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கூடியபோது கோவிந்தராஜ் அண்ணன் கேட்டார். மனதில் இருப்பதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள் அவர். "எல்லாம் சரி தங்கச்சி. ஒரே வூட்ல, ஒரே பொம்பள கையில எல்லாத்தையும் குடுத்துட்டோம். நாளைக்கு வூடு பத்திக்கினா? நீ இல்லாமப் பூட்டா? அப்ப இன்னா பண்றது?" நாங்கள் எல்லாரும் அவரை முறைத்தோம். அக்காவின் முகம் சிறுத்துப் போனது. அன்றைக்கு யாருக்கும் டீ வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பாதி விடை வெள்ளிமலை. கல்வராயன் மலைமேல் புஷ்பா என்கிற தையல்காரம்மா ஒருவர் இருக்கிறார், அக்காவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பழக்கம். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் இறக்கி, துப்பட்டாவில் சுற்றி, டிபன் கேரியருக்குள் வைத்துக்கொண்டு அக்கா மலைக்கு பஸ் ஏறுவார். போன மாத டிஸ்க்கை வாங்கிக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வருவார். "ஊரு முழுகுனாலும் மலை முழுகாது" என்பார். புஷ்பா அதைக் கல்யாணப் பெண்களின் ரவிக்கைகள் இருக்கிற பீரோவில் பூட்டி வைப்பார். இதுல இன்னாம்மா கீது என்று முதல் தடவை அவர் கேட்டாராம். "கள்ளக்குறிச்சில அஞ்சு வூடு கீது. கீழ போட்டுடாத" என்று இவர் சொன்னாராம்.

மீதி விடையை நாங்கள் கற்றுக்கொண்டது ஓர் ஆயுத பூசையில். ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான ஆயுதம், அதற்குப் பொட்டு வைக்காமல் விடுவதா என்று கோவிந்தராஜ் அண்ணன் சந்தனம், குங்குமம், பொரி, பூவோடு வந்து நின்றார். முஸ்லிம் வீட்டு மாடி. எங்களுக்குத் தயக்கம்தான். "வைங்கண்ணே. ஒங்க கையால வெக்கிற பொட்டுல நான் இன்னா கொறஞ்சா பூடுவேன்? ஒயர மட்டும் தொடாதீங்க" என்று அக்கா சொல்லிவிட்டுக் கீழே போனார். அண்ணன் ஒயரைத் தொடவில்லை. பூசை போட்ட பொருளை மறுநாள் வரை ஓட்டக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். நாங்கள் இறங்கிய பின், அவர் சுவிட்சை அணைத்திருக்கிறார். யுபிஎஸ் கீ கீ என்று கத்தியிருக்கிறது. அதையும் அமுக்கி நிறுத்தியிருக்கிறார். "அதுவும் பாவம், வருசம் பூரா ஓடுது. ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு பாத்தேன்" என்றார் பிறகு. அந்த நேரத்தில்தான் டிஸ்க் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தது. காற்றுப் போகும் துளைகளில் வேறு சந்தனத்தை வஞ்சனை இல்லாமல் அப்பியிருந்தார்.

மறுநாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. ஒரு டிஸ்க் செத்துவிட்டது, மற்றது பாதி எழுத்தில் நின்று பிதற்றியது.  கச்சிராயபாளையத்தில் முந்தைய மாதம் நான் எடுத்த ஒரு கல்யாணத்தின் வீடியோ முழுக்க அதில்தான் இருந்தது. கேமரா கார்டை அழித்து வேறு வேலைக்கு எடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் அந்த வாரக் கடைசியில் வெளிநாடு போகிறாள். அண்ணனை அடிக்கப் போய்விட்டேன் என்றால் மிகையில்லை.

அக்கா கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் முந்தானையால் பெட்டியின் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் மலைக்குப் போயி டிஸ்க்க வாங்கினு வாங்க" என்றார். வாங்கி வந்தோம். அவரிடம் நீட்டினால் கை நீட்டவில்லை. "எங்கிட்ட எதுக்குக் குடுக்கிற? நான் இல்லாமப் பூட்டா இன்னா பண்றதுன்னு கேட்டாரே அண்ணன். இன்னைக்கு நான் இல்ல. புது டிஸ்க்கு மேல கீது. போங்க" என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படி ஒரு பாடு நாங்கள் பட்டதில்லை. எப்படிச் செய்வது என்பதை அவர் பல முறை சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறோம். நான் தட்டுவேன், அண்ணன் திரையை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தப்பாகப் போகும், திரும்ப முதலிலிருந்து. "மெகரு, ஒரே ஒரு வார்த்தை சொல்லுமா" என்று அண்ணன் மாடிப்படியில் நின்று கெஞ்சினார். கீழேயிருந்து பருப்பு தாளிக்கிற சத்தம் மட்டும் வந்தது. காலையில் உட்கார்ந்தவர்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அந்தக் கல்யாண வீடியோவைத் திறந்தோம். பெண்ணின் தாய்மாமன் மாலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ முன்பின் தெரியாத தாய்மாமனைப் பார்த்து நானும் அண்ணனும் கண் கலங்கினோம். அக்கா மேலே வந்து ஒவ்வொருவர் கோப்பாகத் திறந்து பார்த்தார். "வெச்சேன் வெச்சேன்னு சொல்றவன் ஆயிரம் பேரு. எடுத்துக் காட்டுறவன்தான் ஆளு" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து நான் பெற்ற ஒரே பாராட்டு.

அவர் போன பிறகு, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்த சமயத்தில், ஒரு மழையில் இடி விழுந்தது. யுபிஎஸ், பெட்டி, இரண்டு டிஸ்க், எல்லாம் ஒரே அடியில் போய்விட்டன. அன்சாரி பாய் எங்களை அழைத்து உட்கார வைத்தார். "அவ இருந்தா, ஓடுச்சு. இனிமே இத யாரு பாக்கறது? நிறுத்திடலாங்க. வேற எங்கயாச்சும் வெச்சுக்கோங்க" என்றார்.  அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தினால், அவ்வளவு பெருமை பேசிய பெண் கட்டியது அவரோடு போயிற்று என்று ஊர் சொல்லும். என்னால் அதைக் காதால் கேட்க முடியாது. கோவிந்தராஜ் அண்ணனுக்கும் அதே எண்ணம்தான். "பாய், ஒரு தடவ பாக்க வுடுங்க. வரலன்னா நாங்களே இறக்கி வெச்சுட்டுப் போறோம்" என்றார்.

மறுநாள் புஷ்பா டிஸ்க்கோடு வந்து இறங்கினார். நாங்கள் போய் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "அவங்க சாவுக்கு என்னால வர முடில. அவங்க குடுத்து வெச்ச பொருள வேற யார் கையிலயாச்சும் குடுத்து அனுப்புனா நல்லாவா இருக்கும்?" என்று அன்சாரி பாயிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் தந்தார்.

என் ஸ்டூடியோவிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை அண்ணன் எழுத்துக்கூட்டவில்லை, கடகடவென்று படித்தார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் திணறி, வந்த வழியே திரும்பிப் போய்ச் சரி செய்தோம். மதியம் பள்ளிவாசல் பாங்கு கேட்கிற நேரத்தில் பெட்டி ஓட ஆரம்பித்தது. முதலில் படங்கள், பிறகு பத்திரங்கள். கடைசியாக ஈமெயிலைத் திறந்துவிட்டோம். பெட்டி படுத்துக் கிடந்தபோது வெளியூர்களில் இருந்து புறப்பட்டு, வாசலில் காத்துக்கொண்டிருந்த கடிதங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து மாடிப்படிக்குப் போனார். "மெகரு, வந்துடுச்சு! வந்து பாரும்மா" என்று கீழே குரல் கொடுத்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

 கீழேயிருந்து அன்சாரி பாய் பதில் கொடுத்தார். "அவளுக்குத் தெரியும்ணே, வரும்னு. டீ போட்டிருக்கேன், வாங்க."

டீ குடித்து முடித்ததும், அந்த அறையின் சாவியை அவர் என் முன்னால் வைத்தார். எடுத்துக்கொண்டேன். மெகருன்னிசா அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை அந்தச் சாவியும், அவருடைய திமிரில் ஒரு பங்கும். சாவியை ஒரு நாள் வேறொருவர் கையில் கொடுப்பேன். திமிரைக் கொடுப்பதாக இல்லை.