வரைபடத்தில் இல்லாத நாற்பத்தொரு வீடுகள்

நகரமைப்பு அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். ஸ்கேல் வைக்காமலே ஒரு முழத்துக்கு நேர்க்கோடு இழுத்துவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதையே அவளுடைய சொந்தப் பெயர் என்று நம்பிக் கோப்பில் எழுதிவிட்டுத் தலைமை எழுத்தரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்கும்.

இருபத்து மூன்று வயதில் டிரேசராக வந்து சேர்ந்தவள். பழைய வரைபடத்தின் மேல் கண்ணாடி மாதிரியான தாளை விரித்து, அடியில் தெரியும் தெருவையும் மதிலையும் ஓடையையும் மையால் ஏற்றி எடுப்பதுதான் வேலை. நீளமான கோடு என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். "என் சர்வீஸ்ல பாதி நாள் நான் மூச்சே விடல" என்று சொல்லிச் சிரிப்பாள். நாற்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் வந்தது. முதல் வாரம் மவுஸ் ஒரு பக்கம் போக, கோடு வேறு பக்கம் போனது. "இந்த எலிக்கு என்னக் கண்டாலே ஆகல" என்றாள். ஆறு மாதத்தில் எலி வழிக்கு வந்துவிட்டது.

கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கல்யாணமாகிப் பத்தாம் வருடம், இரண்டாம் மாடி உயரத்தில் கட்டியிருந்த சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தங்கியது. இடது கால் மட்டும் இரண்டு அங்குலம் குறைந்துபோனது. அதன் பிறகு உயரம் ஏறாமல் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து, கடைப் பலகைகளும் கதவு எண்களும் எழுத ஆரம்பித்தார். சொந்த வீடு அவர்களுக்கு அமையவில்லை. ஒன்பது வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கோட்டம்மா புது வீட்டை அளந்து தாளில் வரைந்து, கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றையும் அதே கணக்கில் அட்டையில் வெட்டிக் கொடுப்பாள். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அட்டைகளை நகர்த்திப் பார்ப்பார்.

"கட்டில இங்க போட்டா ஜன்னல் உன் பக்கம் வரும்."

"உங்க கால் சுவத்துல இடிக்குமே."

"இடிச்சா இடிக்கட்டும். அது ஏற்கெனவே அடி வாங்கின காலுதானே."

அவளுக்கு ஐம்பத்தாறு வயதானபோது அந்த வட்டாரத்துக்குப் புதிய மண்டலத் திட்டம் தயாரானது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எதை வயலாகவே விட வேண்டும் என்று அடுத்த இருபது வருடத்துக்குச் சொல்லும் திட்டம். இறுதி செய்வதற்கு முன் அறுபது நாள் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அலுவலகத்தின் கூட்ட அறையில் சுவர் நிறைய வரைபடத்தை ஒட்டினார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்ததும் அதிகாரிகளுக்கெல்லாம் திடீரென்று வேறு வேலை முளைத்தது. கோட்டம்மாவுக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவர்கள் தரகர்கள். புறவழிச்சாலை வரப்போகிறது என்ற செய்தியிலேயே நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, மஞ்சள் எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டபடியே செல்போனில் படம் எடுத்தார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. காலையில் வரைபடத்தில் மஞ்சளாகத் தெரிந்த இடம் சாயங்காலத்துக்குள் இரண்டு கை மாறிவிடும். அவர்களுக்குப் பின்னால் சாதாரண ஜனங்கள் வந்தார்கள். சர்வே எண் என்றால் முழிப்பார்கள். "தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, நாய் கட்டியிருக்குமே, அந்த வீடு" என்பார்கள். கோட்டம்மா எழுந்து போய், தெருவைப் பிடித்து, திருப்பத்தைப் பிடித்து, அரிசி அளவுள்ள ஒரு கட்டத்தின் மேல் பென்சில் முனையை வைப்பாள். அவர்கள் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார்கள். நாய் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

பதினேழாம் நாள் ஒரு ஆயா வந்தாள். மகப்பேறு மருத்துவமனையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடேயே வந்திருந்தாள்.

"மூடிப்போன நூல் மில்லு இருக்குல்ல மேடம், அதுக்குள்ள பின்பக்க லைன் வீடுங்க. எங்க வீடு எதுல வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

கோட்டம்மா மில்லைக் கண்டுபிடித்தாள். சுற்றுமதில் சரியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. 'காலி நிலம்' என்று போட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புக்கான அடர் மஞ்சள் பூசியிருந்தது. மில் நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியிருப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

"இங்க வீடு எதுவும் காட்டலையேம்மா. நீங்க வேற மில்லைச் சொல்றீங்களோ?"

"இருக்கறதே ஒரு மில்லுதான். நாப்பத்தோரு வீடு மேடம். நான் பொறந்ததே அங்கதான்." கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவர்களுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "காலி பண்ணச் சொல்லி ஆளுங்க வந்துட்டிருக்காங்க. கேட்டா, வரைபடத்துல நீங்க யாருமே இல்லன்றாங்க. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆயாவின் முகவரியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, மதிய இடைவேளையில் கோட்டம்மா பதிவறைக்குப் போனாள். புதிய திட்டத்துக்கு அடிப்படையாக எடுத்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய வரைபடம். சுருளைப் பிரித்ததும் தன் கையெழுத்து தெரிந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் அவள். அதற்குக் கீழே 'நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்கு எதிரிலும் அவள்தான். தேதியைப் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மில்காரர்கள் தந்த வரைபடத்தில் அந்தக் கட்டடங்கள் 'கிடங்கு' என்று இருந்தன, அவளும் அப்படியே ஏற்றியிருந்தாள்; மில் மூடிய பிறகு, புதிய திட்டத்தில் அதையும் எடுத்துவிட்டுக் காலி நிலம் ஆக்கியிருந்தார்கள். கிடங்கைத் தடுத்து வீடுகளாக்கி, அவள் வரைந்தபோதே பல வருடம் ஆகியிருந்தது. ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் துணி காய்வது தெரிந்திருக்கும். அவள் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாரத்திலிருந்து விழுந்த கணவருக்கு அறுவை சிகிச்சை. அவசரமான தாள் என்று அலுவலகத்திலிருந்து கையெழுத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வராந்தா பெஞ்சில் வைத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு மருந்துக்கடைப் பலகைக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். தூரிகையைக் கழுவி வைத்தார்.

"அப்ப இதுல எனக்கும் பங்கு உண்டு" என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"விழுந்தேன்ல." கையைத் துடைத்துக்கொண்டார். "டேப்பைப் பிடிக்க ஆள் வேணுமே. ஒரு முனைய நான் பிடிக்கிறேன். ஞாயித்துக்கிழமை போலாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதில் வைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனார்கள். இரண்டு வரிசை, ஒன்றில் இருபது, மற்றதில் இருபத்தொன்று. எல்லாம் ஒரே அறை வீடுகள், பின்னால் ஒரு சமையல் தடுப்பு. முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டேப்போடு வந்தவர்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஆயாதான் வாசல் வாசலாகப் போய், "இவங்க வீட்ட எடுக்க வந்தவங்க இல்ல, வரைபடத்துல போட வந்தவங்க" என்று சொல்லி வைத்தாள். இரண்டாம் வாரம் டீ வந்தது. மூன்றாம் வாரம் கணவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. அவர் அதில் உட்காராமல், அளந்து முடித்த வீட்டுக் கதவிலெல்லாம் எண் எழுதிக்கொண்டே வந்தார். அந்த வீடுகளுக்கு எண்ணே கிடையாது. எண் இல்லாமல் பட்டியல் போட முடியாது. கடைசி வீட்டுக்காரர் ஒரு லாரி டிரைவர். எண்களை ஒரு பார்வை பார்த்தார்.

"வாழ்க்கைல எல்லாத்துலயும் கடைசி ஆளாவே நின்னாச்சு அண்ணே. இதுலயுமா?"

கணவர் கொஞ்சம் யோசித்தார். அதுவரை எழுதிய பதினாறு எண்களையும் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தார். டிரைவர் வீட்டை ஒன்று என்று வைத்து அந்த முனையிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார். அன்றைக்கு வேலை நாலு மணி நேரம் கூடிப்போனது. கோட்டம்மா தன் பட்டியலையும் புதிதாக எழுதினாள்.

அலுவலகத்தில் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனுஷர். அவளுடைய குறிப்பைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அம்மா, 'என் பிழை'ன்னு ஏன் எழுதறீங்க? 'மூல ஆவணத்தில் விடுபட்டது'ன்னு போட்டா போதுமே. ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு."

"விடுபட்டதுன்னா, யாரு விட்டாங்கன்னு கேப்பாங்க சார். விட்டவ இங்கதானே இருக்கேன்."

"விசாரணை வரும்."

"வரட்டும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

ஆட்சேபணைகளைக் கேட்கும் கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. லைன் வீட்டுக்காரர்கள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் வக்கீல், பழைய வரைபடத்தின் நகலைத் தூக்கிக் காட்டினார். அரசாங்கத்தின் சொந்த ஆவணமே அங்கே வீடுகள் இல்லை, வெறும் கிடங்கு என்று சொல்கிறது, நேரில் சரிபார்த்ததாகக் கையெழுத்தும் இருக்கிறது என்றார். தலைவராக இருந்தவர் கோட்டம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான்" என்றாள். மண்டபம் முழுக்க இரைந்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்தாள். "நான் போய்ப் பாக்காமயே போட்டுட்டேன். அப்ப அங்க ஜனங்க குடியிருந்தாங்க. இப்பவும் இருக்காங்க."

"அன்னைக்குத் தப்பா எழுதினவங்க இன்னைக்குச் சரியா எழுதியிருக்கீங்கன்னு எப்படி நம்பறது?" என்று வக்கீல் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"இந்தத் தடவை போனேங்க. அஞ்சு வாரம். ஒரு வீட்டுக்கு நாலு அளவு. நீங்களும் டேப்பை எடுத்துட்டு வாங்க, சேந்து போய் அளந்து பாக்கலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் மெல்லச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

நினைத்தது நினைத்தபடி முடியவில்லை. இறுதித் திட்டம் வருவதற்குப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் ஆறு குடும்பங்கள் பயந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டன. அதில் லாரி டிரைவரின் குடும்பமும் ஒன்று. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று ஆயாவுக்கே தெரியவில்லை. மீதி முப்பத்தைந்து குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அங்கே யார் எதைக் கட்டினாலும், முதலில் அதே மண்ணில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றது என்று திட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது. அதற்குள் சந்தையும் படுத்துவிட்டது. அதே நிறுவனம் வேறு இடங்களில் கட்டிய அடுக்குமாடிகளில் பாதி, வாங்க ஆளில்லாமல் ஜன்னல் இருட்டாகவே நின்றன. இந்த விதியோடு கட்டினால் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து வீட்டு வசதி வாரியம் அந்தப் பின்பக்கத் துண்டை மட்டும் வாங்கி, மூன்று மாடியில் ஒரு கட்டடம் எழுப்பியது. ஒரு வரிசையை இடித்துக் கட்டும்வரை அவர்கள் அடுத்த வரிசையில் இடித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆயாவுக்குத் தரைத்தளத்தில் கிடைத்தது. அவளுடைய வீட்டில் முதல் முறையாக இரண்டு கதவுகள்.

விசாரணையும் வந்தது. கோட்டம்மாவின் பணிப்பதிவேட்டில் எழுத்துமூலமான கண்டனம் ஒன்று ஏறியது. அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவர் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு. பிரேம் போட்டுருவோமா?"

"ஆமா, ஹால்ல மாட்டுங்க. வர்றவங்க பாக்கட்டும்."

அவர் அதை மடித்து, தன் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்தார். அந்த ஆறு குடும்பங்களைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அவள் பேசி முடித்ததும் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

அறுபதில் ஓய்வு பெற்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிய மற்ற தாள்களில் உள்ள இடங்களை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் போவதில்லை. போன மாதம் ஒரு புறநகருக்குப் போனார்கள். அங்கே தெரு முனையில் ஒரு குளம் வரைந்திருந்ததாக அவளுக்கு ஞாபகம். கணவர் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருக்க, அவள் மட்டும் முன்னால் போய்த் திருப்பத்தில் நின்று பார்த்தாள்.

"இருக்கா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இருக்குங்க. தண்ணிகூட இருக்கு. மெதுவா வாங்க."