சப் லிஸ்டில் என் பெயர்

பதினோரு வருஷம் ஓர் அரசுத் துறையின் கால்பந்து அணிக்கு ஃபார்வர்டாக ஆடியவன் நான். வலது முட்டி மக்கர் பண்ணியதும் செய்யூருக்கே திரும்பி வந்து, ஞாயிறுதோறும் ஸ்கூல் கிரவுண்டில் ஊர்க்காரர்களுக்குக் கோச்சாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. அதனால் யாருக்கும் பயப்படாமல் திட்டலாம்.

நான் அதிகம் திட்டாத ஒரே ஆள் எங்கள் ஸ்ட்ரைக்கர். கடப்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவான். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு வந்தாலும் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு நிரந்தர வேலை வாங்கித் தருகிறேன் என்று நானாகத்தான் பேச்சை எடுத்தேன். அந்த வருஷத்தோடு அவனுக்கு வயசு வரம்பு முடிகிறது. என் பழைய துறையில் ஆளெடுக்கும் அதிகாரியை நச்சரித்து, காணும் பொங்கலன்று புதுப்பட்டினத்தில் நடந்த ஃபைனலுக்கு வரவைத்தேன்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் கோச்சும் சப் லிஸ்டில் பேர் கொடுக்கலாம். ஆள் குறைந்தால் உதவும் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில், யாராவது என்னை இறங்கச் சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

அன்றைக்குச் சொன்னார்கள். அதிகாரி தாமதமாக, இடைவேளைக்குத்தான் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. மைக் பிடித்தவர் என் பழைய ஆட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். ஸ்கோர் சமம். என் புத்தி எங்கே போனதோ, ஃபார்வர்ட் என் இடமாயிற்றே என்று ஸ்ட்ரைக்கரையே வெளியே வரச் சொல்லிக் கை காட்டினேன். அவன் ஒரு நொடி நின்றான். பிறகு ஓடி வந்து, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். வெளியே போனவன் திரும்ப இறங்க முடியாது.

கோல் அடித்தேன். கப்பும் எங்களுக்குத்தான். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இறக்கிவிட்டதும் அதிகாரி கை குலுக்கி, ஆட்டம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை என்றார். நான் சொன்ன ஆளைத்தான் சரியாகப் பார்க்க முடியவில்லை, பட்டியல் அந்த வாரமே போகிறது, பார்க்காமல் எப்படி எழுதுவது என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இறங்கியதிலிருந்து அவன் ஞாபகமே எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன். முட்டி வலியைப் பற்றிக்கூடப் பேசினேன். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

“வுடுண்ணா. நீ கைய காட்ன, நான் வெளிய வந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கைய காட்டியிருந்தா நீ வந்துருப்பியா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இதிலாவது அவனிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

“வந்துருக்க மாட்டேன்டா” என்றேன்.

தலையை ஆட்டினான். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.